ஏரிக்குப் பெயர் தந்தவரும் குதிரைத் திடலும்

கல்முனையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அம்பாறை, உகணை வழியாக மகாஓயாவில் ஏறிவிட்டால், அங்கிருந்து பிபிலை, பதுளை, வெலிமடை என்று ஒரே தெருதான். செங்கலடியில் தொடங்கிப் பேராதனையில் முடியும் அந்த ஏ-5 நெடுஞ்சாலை நுவரெலியாவின் நடுவாகவே செல்கிறது. ஒரு காலத்தில் நம்மவர்களின் தவளம் மாடுகள் உப்பையும் கருவாட்டையும் சுமந்துகொண்டு மலைநாட்டுக்கு ஏறியதும், பாக்கோடும் பிற மலைச் சரக்கோடும் இறங்கியதும் இந்தத் திசையிலேதான். கரையோர நெல்வயல் வெக்கையில் புறப்பட்டவன் ஹக்கலையைத் தாண்டும்போது கம்பளிக்குள் சுருண்டுகொள்வான். இடது பக்கம் கிரகறி ஏரி தெரியும். ஏரி முடிந்து நகரம் தொடங்கும் இடத்தில் வெள்ளைக் கம்பி வேலியும் பழைய பார்வையாளர் கூடமுமாக ஒரு பெரும் புல்வெளி விரியும். அதுதான் குதிரைப் பந்தயத் திடல்.

எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். ஏப்ரல் மாதத்துப் பந்தயக் கூட்டத்தைப் பற்றிப் பத்திரிகைக்குச் செய்தியும் எழுதியிருக்கிறேன், அதுவும் கொழும்பில் மேசையிலிருந்தபடி. இறங்கி உள்ளே நடந்து பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான். பருவம் தொடங்காத ஒரு மார்ச் மாதத்துக் காலை. பனிமூட்டம் விலகவில்லை. பந்தயம் இல்லாத நாளில் பந்தயத் திடலைப் போல வெறுமையான இடம் வேறில்லை. ஓரத்தில் இரண்டு மட்டக் குதிரைகள் தம்பாட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. நுவரெலியாவுக்குப் போனவர்கள் இவற்றை அறிவார்கள். ஏரிக்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி போகும் குதிரைகளும், வேலை முடிந்து கைவிடப்பட்டுத் தெருவிலும் பஸ் நிலையத்திலும் திரியும் குதிரைகளும் அங்கே சாதாரணக் காட்சி. கண்டியில் எசல பெரஹர யானை எப்படியோ, அப்படி இங்கே ஏப்ரல் மாதத்துக் குதிரை. மற்ற மாதங்களில் அதன் கதையை யாரும் கேட்பதில்லை.

இத்திடல் அமைந்தது 1875ஆம் ஆண்டில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் குதிரைகள் ஓடும் இடம் உலகத்தில் அதிகமில்லை. கோப்பித் தோட்டத் துரைமார் காலத்துச் சங்கதி இது. தேயிலை இன்னும் மலையைப் பிடிக்கவில்லை. பக்கத்து ஏரி அதற்கு இரண்டு ஆண்டு முந்தியது, 1873. இரண்டுமே ஒரே தேசாதிபதியின் காலத்தில் தோன்றியவை. 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்ட சேர் வில்லியம் கிரகறி அவர். ஏரிக்குப் பெயர் தந்தவரும் அவரே.

இந்த மனிதரைப் பற்றி நாம் பாடப் புத்தகத்தில் படித்தது வேறு. வடமத்திய மாகாணத்தை 1873இல் உருவாக்கினார், குளங்களைத் திருத்தினார், கொழும்பு நூதனசாலையைக் கட்டுவித்தார் என்று படித்தோம். நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அரசி மரிக்கார் வாப்புச்சி மரிக்கார் என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பெருமையோடு சொல்லும் கதை. 1877 ஜனவரி முதலாந் திகதி திறப்பு விழாவில் தேசாதிபதி அவரை அழைத்து, உமக்கு என்ன பரிசு வேண்டும் என்று கேட்டாராம். வெள்ளிக்கிழமைகளில் இந்தக் கட்டடத்தைப் பூட்டி வையுங்கள், அது போதும் என்றாராம் மரிக்கார். நெடுங்காலம் நூதனசாலை வெள்ளிக்கிழமைகளில் மூடப்பட்டிருந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்லப்படுகிறது. நூதனசாலையின் முன்னால் கிரகறியின் சிலை இன்றும் நிற்கிறது.

அந்தச் சிலை சொல்லாத கதை அயர்லாந்தில் இருக்கிறது. கிரகறி கால்வே மாவட்டத்துக் கூல் பார்க் என்ற பெரும் பண்ணைக்கு வாரிசு. ஒக்ஸ்பர்ட்டில் படித்த காலந்தொட்டே குதிரைப் பந்தயப் பித்து. 1847இல், உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் உச்சத்தில், நாடாளுமன்றத்தில் அவர் கொண்டுவந்த ஒரு திருத்தம் அவர் பெயரைக் கறைப்படுத்தியது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் குடியானவன் பஞ்ச நிவாரணம் கேட்டால், முதலில் அந்த நிலத்தைக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். வரலாற்றில் அது 'கிரகறி விதி' என்றே நிலைத்துவிட்டது. ஒரு பிடி மாவுக்காக நிலத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் எத்தனையெத்தனை. அதே ஆண்டில், பஞ்சத்தில் அடிபட்ட குடியானவர்களைப் பார்க்கச் சென்ற அவருடைய தந்தை காய்ச்சல் தொற்றி இறந்தார். பண்ணை மகன் கைக்கு வந்தது. பத்தே ஆண்டு. 1857இல் பந்தயக் கடன் அடைக்க அந்தப் பண்ணையின் மூன்றில் இரண்டு பங்கு விற்பனைக்குப் போனது.

ஏழையின் கால் ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தவர், தம்முடைய ஆயிரக்கணக்கான ஏக்கரைக் குதிரைக் குளம்பில் இழந்தார். இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் கோபம் மட்டும் வரவில்லை. இலங்கையில் அவர் செய்த நற்பணிகளும் உண்மையானவை. ஒருவேளை தோற்றவன் கற்ற பாடமாகவும் அவை இருக்கலாம். தமது பந்தயப் பித்தை அவர் மறைக்கவுமில்லை. 1892இல் அவர் இறந்த பின்னர், மனைவி பதிப்பித்த சுயசரிதையில் அவரே அதைப் பேசுகிறார். அந்த மனைவிதான் லேடி கிரகறி. யேட்ஸுடன் சேர்ந்து டப்ளினில் அபி நாடக அரங்கை நிறுவியவர். கூல் பார்க் மாளிகை 1941இல் இடிக்கப்பட்டுவிட்டது.

கிரகறியின் ஊரான கால்வே, தடை தாண்டும் குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன இடம். 1869இல் பாலிபிரிட் திடலில் முதற்பந்தயம் நடந்தபோது அந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் இவரே. தடை தாண்டும் ஓட்டத்தின் பிறப்பிடமும் அயர்லாந்துதான். 1752இல் கோர்க் மாவட்டத்தில் ஓகலகன், பிளேக் என்ற இருவர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொரு தேவாலயக் கோபுரம் வரை, வழியிலுள்ள வேலி, வாய்க்கால், கல்மதில் அத்தனையும் தாண்டி, ஏறக்குறைய நாலரை மைல் குதிரை ஓட்டிப் பந்தயம் கட்டினார்கள். கூர்ங்கோபுரத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டீப்பிள் என்று பெயர். அதிலிருந்தே அந்தப் பந்தயத்துக்கு 'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற பெயர் வந்தது. பிற்காலத்தில் திறந்த வயல் போய், வட்டத் திடலில் செயற்கைத் தடைகள் வந்தன. இலேசான தடைகள் மூன்றரை அடி, பெரிய வேலிகள் குறைந்தது நாலரை அடி. 1839இல் லிவர்பூல் அருகே எயின்ட்ரியில் ஓடிய பெரும் பந்தயத்தை வென்ற குதிரையின் பெயர் லொட்டரி. பெயர் வைத்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

இந்த ஓட்டம் ஏன் நுவரெலியாவில் வேரூன்றவில்லை என்று திடலின் ஓரத்தில் நின்று யோசித்தேன். அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் தடை தாண்டும் குதிரை வேட்டையின் பிள்ளை. நரியைத் துரத்தி வயல்வெளியில் ஓடும் குதிரைக்கு வேலி தாண்டத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே நிலைமை வேறு. நுவரெலியாவில் ஆங்கிலக் குடியேற்றம் ஒன்று அமைக்க 1848இல் வந்த சாமுவேல் பேக்கர் பெரும் வேட்டைக்காரர். அவர் நாய்களோடு மரையைத் துரத்தியதெல்லாம் கால்நடையாகவே. கையில் ஒரு கத்தி. அடர்காட்டிலும் செங்குத்துப் பள்ளத்திலும் குதிரைக்கு என்ன வேலை? அவருடைய வண்டியையும் குதிரைகளையும் அவருடைய குதிரைக்காரன் மலைப்பாதையிலேயே பள்ளத்தில் கவிழ்த்துவிட்டான். விபத்தை அறிவித்து அவன் எழுதிய எழுத்துப் பிழை மலிந்த கடிதத்தைப் பேக்கர் தம் நூலில் அப்படியே அச்சிட்டிருக்கிறார். பிறகு அவனே ஒரு யானையையும் மிதமிஞ்சி ஓட்டிச் சாகடித்தான். ஆகவே இந்த மலையில் நிலைத்தது வேலியில்லாத சமதள ஓட்டம் மட்டுமே.

கொழும்பிலும் அப்படித்தான். காலிமுகத் திடலில் தொடங்கிய பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்துக்கு இடம் பெயர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் அத்திடல் விமான ஓடுபாதையாகியது. 1942 ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவற்றை எதிர்க்க இந்தக் குதிரைத் திடலிலிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பின. 1956 ஆட்சி மாற்றத்துக்குப் பின் கொழும்பில் குதிரைகள் அடங்கின. இன்று அங்கே றக்பி ஆடுகிறார்கள், பழைய கூடத்தில் கடைகள் நடக்கின்றன. நுவரெலியாவில் மட்டும் இடையில் நின்றுபோன பந்தயம் மீண்டும் உயிர்பெற்றது.

குதிரை நின்றது, பந்தயம் நிற்கவில்லை என்பதுதான் விசித்திரம். நம் நாட்டில் தடை தாண்டும் குதிரை ஒன்றைக் கண்ணால் காணாதவர்கள், இங்கிலாந்தின் நாட்டுப்புறத் திடல்களில் தடை தாண்டும் குதிரைகள்மீது ரேஸ் புக்கியில் பணம் கட்டினார்கள். நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் மருதானையிலும் புறக்கோட்டையிலும் மாலை ஆறரை மணிக்குமேல் அந்தக் கடைகளின் வாசலில் கூட்டம் நெரியும். குளிர்காலத்தில் இங்கிலாந்தில் அப்போது பகல் ஒரு மணி. கையில் பந்தயத் தாள், காதில் பென்சில். பிளம்டன், விங்கன்டன், பேக்கன்ஹம், அட்டொக்ஸெட்டர் என்று, அந்நாட்டவர் பலருக்கே வழி தெரியாத சிற்றூர்களின் பெயர்கள் அவர்கள் வாயில் சரளமாக வரும்.

அவர்களுள் ஒருவர் எங்கள் தெருவைச் சேர்ந்த நானா. பெயர் வேண்டாம். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் வேலை. வாப்பா மவுத்தான பிறகு தங்கைக்கு வீடு கட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. எங்கள் பகுதி வழக்கத்தை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமை, அவருக்குப் பின் நானாமாரின் கடமை. இவர் ஐந்து ஆண்டு சேர்த்து அத்திவாரம் போட்டார். சுவர் எழுப்பச் சேர்த்த பணத்தோடு ஒரு சனிக்கிழமை மாலை புக்கிக்குப் போனார். அவர் கட்டிய குதிரை கடைசி வேலி வரை முன்னணியில் வந்து, அந்த வேலியில் இடறி விழுந்தது. இதை அவர் என்னிடம் சொன்னபோது அழவில்லை. "கடைசி வேலி தம்பி, கடைசி வேலி" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அத்திவாரத்தின்மேல் எருக்கலை முளைத்துக் கிடந்ததை நான் பல ஆண்டு பார்த்தேன். அந்தத் தங்கையின் வயதும் ஏறிக்கொண்டே போனது.

ஊரில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, குதிரைப் பந்தயமே ஹறாம் என்று சிலர் கூச்சலிட்டார்கள். பள்ளிவாசலில் இருந்த மூத்த ஆலிம் ஒருவர் அமைதியாகத் திருத்தினார். நபிகளார் காலத்தில் மதீனாவில் குதிரை ஓட்டம் நடந்திருக்கிறது, பயிற்றிய குதிரைகளுக்கு ஆறேழு மைல், பயிற்றாதவற்றுக்கு ஒரு மைல் அளவு, ஹதீஸில் தூரத்தோடு பதிவாகியிருக்கிறது என்றார். ஓடியவர்களில் இப்னு உமரும் ஒருவர். அவருடைய குதிரை அவரைச் சுமந்தபடி ஒரு மதிலையே தாண்டிப் பாய்ந்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. ஓட்டம் குற்றமில்லை, வென்றவனுக்கு மூன்றாமவர் பரிசு கொடுப்பதும் குற்றமில்லை, தோற்றவன் பணம் வென்றவன் மடிக்குப் போகும் கட்டுப்பணம்தான் சூது என்று அவர் பிரித்துக் காட்டினார். அரசாங்கச் சட்டத்தைவிட அந்தப் பிரிப்பு எனக்குத் தெளிவாகப்பட்டது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் தெருவோரச் சூதாட்டக்காரனைப் பிடித்தது. 1988ஆம் ஆண்டின் சட்டமோ புக்கியிடம் வரி வாங்கியது. 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றம் தனி அதிகாரசபைக்கே சட்டம் இயற்றியிருக்கிறது.

திடலை ஒரு சுற்று நடந்து முடிக்கும்போது வெயில் வந்துவிட்டது. லாயத்துப் பக்கமிருந்து ஓர் இளைஞன் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். தோட்டத்துப் பிள்ளை. "சீசனுக்கு வாங்க ஐயா, கூட்டம் பார்க்கலாம்" என்றான். நீ பணம் கட்டுவாயா என்று கேட்டேன். "நாங்க கயிறு புடிக்கிறவங்க ஐயா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

ஊர் திரும்பியதும் நானாவைப் பார்க்கப் போனேன். அந்த அத்திவாரத்தின்மேல் பின்னாளில் வீடு எழும்பியது. தங்கையின் கணவர் சவூதிக்குப் போய் உழைத்துக் கட்டியது. வழக்கத்துக்கு மாறாக மாப்பிள்ளை கட்டிய வீடு. நானா இப்போது அந்த வீட்டின் விறாந்தையில்தான் சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். மச்சான் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை என்பதை நானா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவார். நுவரெலியாத் திடலைப் பார்த்து வந்தேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அங்க பாயிறதுக்கு வேலி இரிக்கா தம்பி?"

"இல்ல நானா. வெறும் புல்லுத் தரைதான்."

"அப்ப உழுந்திரிக்காது," என்றார்.