பள்ளிப்படையும் முன்னோர் பெயரும்

முனிர்காவை அடுத்த இராமகிருஷ்ணபுரத்திலே, குடியிருப்புகளுக்கு நடுவே, வசீர்ப்பூர்க் கும்மட்டங்கள் எனப்படும் பழங்கல்லறைகள் நிற்கின்றன. கி.பி. 1451 முதல் 1526 வரை தில்லியை ஆண்ட லோதி மரபினர் காலத்தவை அவை. எடுப்பித்தோர் செல்வக் குடியினராதல் வேண்டும். ஆயினும், உள்ளே துயில்வோர் இன்னார் என்று கூறுவார் இலர். கல் நிலைத்தது, குடிப்பெயர் மறைந்தது.

மேலை நாட்டுப் பிரபுக்கள், தாம் நிலம் அளித்த துறவியர் மடங்களிலே தம் முன்னோரை அடக்கம் செய்தனர். இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியும் அவன் மகன் ரிச்சர்டும் பிரான்சு நாட்டு ஃபோந்த்விரோ மடத்திலே அடக்கம் செய்யப்பெற்றனர். அத்தகைய மடங்களின் கொடைச் சாசனங்களே பல பிரபுக் குடிகளின் கால்வழியை இன்று அறியத் துணைபுரிகின்றன.

தமிழகத்தில் இதற்கு நிகராவது பள்ளிப்படை. மறைந்த அரசர்க்கு நினைவாக எடுக்கும் சிவன் கோயிலே அது. ஆதித்த சோழனுக்கு அவன் மைந்தன் முதற் பராந்தகன் காளத்திக்கு அருகிலுள்ள தொண்டைமானாட்டில் கோயில் எடுத்தான். முதலாம் இராசராசன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு, வேலூர் மாவட்டத்து மேற்பாடியில் அரிஞ்சிகை ஈச்சரம் கண்டான். அரிஞ்சயன் ஆற்றூரில் துஞ்சினான் என்னும் செய்தியை நாம் அறிவது அக்கோயிற் கல்வெட்டாலன்றோ! இராசேந்திரனோ, தன்னை ஈன்ற வானவன் மாதேவிக்கன்றி, சிற்றன்னையாகிய பஞ்சவன் மாதேவிக்குப் பழையாறையில் பள்ளிப்படை அமைத்தான். அன்பின் வழியது உறவு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அரச குடியினர் பெயர் மட்டுமே கல்லில் ஏறிற்று என்று எண்ணற்க. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ஆடல் மகளிர் நானூற்றுவரைப் பெயரும் ஊரும் சுட்டிக் குறிக்கின்றன. விளக்குக்கு நெய்யளக்க ஆடு பெற்ற இடையர் பெயரும் அங்குண்டு. எழுதியதால் அவர்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் நம்மொடு வாழ்கின்றனர்.

நம் மக்கள் தில்லியிலே வளர்கின்றனர். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகத் தாங்கும் அவர்களுள், பூட்டன் பூட்டியர் பெயரும் ஊரும் அறிந்தார் எத்துணையர்? கோயில் எடுக்க நம்மால் இயலாது. ஏடு எடுக்க இயலும். இல்லத்து முதியோர் சொல்லச் சொல்ல, ஆடவர் பெயரோடு மகளிர் பெயரும் விடாது எழுதி வைப்போமாக. நம் குடிகளுக்கு அதுவே பள்ளிப்படை.