ஹத்தாத் என்னும் குடிப்பெயர்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழர், பெயரின் பொருட்டு ஒருமுறையேனும் இடர்ப்படாமல் இருந்திரார். பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்கும் படிவத்திலே ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் காணப்படும். அக்கட்டத்தில் எழுதுதற்கு நம்மவருள் பலரிடம் ஒன்றும் இல்லை. தந்தையின் பெயரை எழுதினால், மறுநாள் முதல் ஆசிரியர் பிள்ளையைத் தந்தையின் பெயராலேயே அழைக்கத் தொடங்கிவிடுவார். அண்டை வீட்டாருக்கோ இத்தொல்லை இல்லை. அடுத்த வீட்டுக்காரர் பஜாஜ், எதிர்வீட்டுக்காரர் சராஃப், மேல்மாடியில் இருப்பவர் தலால்.

இம்மூன்று பெயர்களின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பு மேலிடுகிறது. ‘பஜாஜ்’ என்பது ‘பஸ்ஸாஸ்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. துணி வணிகர் என்பது பொருள். ‘சராஃப்’ என்பது ‘ஸர்ராஃப்’ என்பதன் திரிபு. நாணயம் மாற்றிக் கொடுப்பவர் என்பது பொருள். நம் ஊர்களில் வழங்கிய ‘சராப்பு’ என்னும் சொல்லும் இதுவே. ‘தலால்’ என்பது ‘தல்லால்’, அதாவது தரகர். மும்பைப் பங்குச் சந்தை அமைந்துள்ள தலால் தெருவின் பெயரில் இன்றும் அச்சொல் வாழ்கிறது. பாரசீகத்தின் வழியாக வடஇந்திய மொழிகளுட் புகுந்த இச்சொற்களைக் குடிப்பெயராகத் தாங்குவோருள் இந்துக்களும் சமணரும் சீக்கியரும் உளர். பெயரின் மொழி வேறு, பெயருடையார் சமயம் வேறு என்பதற்கு இவர்களே சான்று.

இவ்வகைத் தொழிற்பெயர்களுள் அரபு நாடுகளில் மிகப் பரந்து வழங்குவனவற்றுள் ஒன்று ‘ஹத்தாத்’ என்பது. கொல்லன் என்பது அதன் பொருள். அப்பெயரின் வரலாற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

அரபு மொழியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்யெழுத்துகளாலான வேரினின்று கிளைப்பவை. ஹ, த, த என்னும் வேரினின்று ‘ஹத்’ (எல்லை), ‘ஹாத்’ (கூரியது), ‘ஹதீத்’ (இரும்பு) முதலிய சொற்கள் தோன்றின. திருக்குர்ஆனின் 57ஆம் அத்தியாயத்தின் பெயரே ‘அல்-ஹதீத்’, அதாவது இரும்பு. வேரின் நடுவெழுத்தை இரட்டித்து அடுத்த உயிரை நீட்டினால், அச்செயலையே தொழிலாகக் கொண்டவன் என்னும் பொருள் பிறக்கும். மரவேலை செய்பவன் நஜ்ஜார்; ரொட்டி சுடுபவன் கப்பாஸ்; நறுமணப் பொருள் விற்பவன் அத்தார். நாம் அறிந்த ‘அத்தர்’ இக்கடைசிச் சொல்லின் உறவே. 922ஆம் ஆண்டு பாக்தாதில் மரண தண்டனை பெற்ற ஞானி மன்சூர் அல்-ஹல்லாஜ் அவர்களின் பெயரிலுள்ள ‘ஹல்லாஜ்’ என்பதற்குப் பஞ்சு கொட்டுபவர் என்று பொருள். இந்த வாய்பாட்டிற் பிறந்ததே ஹத்தாத்.

பழைய அரபு அகராதிகள் இச்சொல்லுக்கு வாயிற்காவலன், சிறைக்காவலன் என்னும் பொருள்களையும் தருகின்றன. தடுத்தல், எல்லையிடுதல் என்பவை அவ்வேரின் பொருள்கள் ஆதலின் அவையும் பொருந்துவனவே. எனினும் உலக வழக்கில் நிலைத்தது கொல்லன் என்னும் பொருளேயாம்.

பண்டைச் சிரியாவில் வணங்கப்பட்ட ‘ஹதத்’ என்னும் இடிமழைக் கடவுளின் பெயரினின்று இது வந்ததோ என ஐயுறுவாரும் உளர். திமிஷ்கு நகரில் அக்கடவுளுக்கு இருந்த கோயிலின் இடத்திலேயே பின்னர் உரோமர் கோயிலும், கிறித்தவத் தேவாலயமும், 8ஆம் நூற்றாண்டில் உமையாப் பெரும்பள்ளிவாசலும் எழுந்தன. ஆனால் கடவுளின் பெயர் மெல்லிய ஹகரத்தில் தொடங்குவது. கொல்லனின் பெயரோ தொண்டையின் அடியிலிருந்து எழும் அழுத்தமான ஹகரத்தில் தொடங்குவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றினும் அரபியர் செவிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். ஆதலின் அக்கருத்து ஏற்புடையதன்று.

இகழப்பட்ட தொழில்

கொல்லனின் பெயரை ஒரு குடும்பம் மகிழ்ந்து ஏற்றது என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது. பாலைவன நாடோடிக் குடிகள் வாளையும் ஈட்டியையும் போற்றினர். அவற்றை வடித்துக் கொடுத்தவனைப் போற்றவில்லை. கொல்லனைக் குறிக்கும் ‘கைன்’ என்னும் மற்றொரு சொல் அவர்களிடையே வசைச்சொல்லாகவும் வழங்கியது. 730ஆம் ஆண்டையொட்டி மறைந்த ஜரீர், ஃபரஸ்தக் என்னும் இருபெரும் புலவர்கள் வாழ்நாளெல்லாம் ஒருவரையொருவர் வசைபாடினர். அவ்வசையில் ஜரீர் ஓயாது கையாண்ட கருவி, எதிரியின் குடியைக் கொல்லர் குடி என்று பழித்தலே. கொல்லரோடு மணவுறவு கொள்ளாமையும் நாடோடிகளின் வழக்கமாக இருந்தது. உழைப்பவன் செய்த பொருள் வேண்டும், உழைப்பவன் வேண்டா என்னும் இம்மனப்பான்மை நம் நாட்டார் அறியாததன்று.

இதற்கு மறுதலையான கருத்தும் அங்கேயே தோன்றியது. நபி தாவூது அவர்களுக்கு இறைவன் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான் என்றும், அவர் கவசங்கள் செய்தார் என்றும் திருக்குர்ஆன் கூறும். ஓர் இறைத்தூதரின் கைத்தொழில் இழிந்ததாகாதன்றோ? நகரங்கள் பெருகப் பெருக, கடைத்தெருவில் தனி வரிசை பெற்ற கொல்லரின் நிலையும் உயர்ந்தது.

அவர்களின் உலைக்களத்திற்கு நம் நாட்டோடு தொடர்பு உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையிலிட்டு உருக்கிய எஃகு கடல்கடந்து அரபு, பாரசீக நாடுகளுக்குச் சென்றது. இந்தியாவைச் சுட்டும் சொல்லினின்று பிறந்த ‘முஹன்னத்’ என்பது அரபியில் சிறந்த வாளின் பெயராயிற்று. இன்று ஆண்மக்களுக்கு இடும் பெயராகவும் உள்ளது. 9ஆம் நூற்றாண்டின் அறிஞர் அல்-கிந்தி, வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீப் எனப்பட்ட இலங்கையின் எஃகையும் குறித்துள்ளார்.

பட்டப்பெயர் குடிப்பெயரானமை

பழைய அரபியர்க்கு இன்றைய பொருளிற் குடும்பப் பெயர் இல்லை. தனக்கிட்ட பெயர், ‘இன்னாரின் தந்தை’ என்னும் பெயர், ‘இன்னாரின் மகன்’ என்னும் பெயர், பட்டப்பெயர், ஊரையோ குலத்தையோ தொழிலையோ சுட்டும் பெயர் என அடுக்கி வழங்கினர். எகிப்தில் தன் பெயர், தந்தை பெயர், பாட்டன் பெயர் என எழுதும் முறை இன்றளவும் உண்டு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் நம் முறைக்கு அது நெருங்கிய உறவு.

தொழிற்பெயர் தலைமுறைதோறும் மாறாமல் உறைந்து நின்றதற்கு அரசின் பதிவேடுகளும் காரணம். அல்ஜீரியாவை ஆண்ட பிரெஞ்சு அரசு 1882ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒவ்வொரு குடும்பமும் நிலையான பெயரொன்று கொள்ள வேண்டுமென வற்புறுத்தியது. உலையை ஒருகாலும் ஊதியறியாத பேரனும் அதன்பின் கொல்லன் என்னும் பெயருடனேயே வாழலானான்.

ஏமன் நாட்டு ஹள்ரமௌத்தில் இப்பெயர் வந்த வகை வேறு. அங்குள்ள தரீம் நகரத்துச் சையிதுகளுள் அஹ்மத் என்னும் முன்னோர் ஒருவர், கொல்லன் பட்டறையொன்றில் அடிக்கடி சென்று அமர்ந்திருந்தமையால் ஹத்தாத் எனப்பட்டார் என அக்குடும்ப வரலாறு கூறும். நபிகளின் வழித்தோன்றலெனப் போற்றப்படும் உயர்குடியினர், பட்டறையில் ஒட்டிய பெயரை இழிவெனக் களையாமல் தலைமுறைகள்தோறும் காத்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. அக்குடியிற் பிறந்தவரே இமாம் அப்துல்லாஹ் இப்னு அலவி அல்-ஹத்தாத் (1634–1720). இளமையிலேயே அம்மை நோயால் கண்ணொளி இழந்த அவர், பெரும் ஞானியாகவும் நூலாசிரியராகவும் விளங்கினார். அவர் தொகுத்த ‘ராத்திபு’ என்னும் இறைதுதி, ஹள்ரமௌத் வணிகரோடும் ஞானியரோடும் இந்துமாக்கடல் முழுவதும் பரவியது. மலாய் நாட்டிலும் கேரளக் கரையிலும் தமிழ்க் கரையின் முஸ்லிம் ஊர்களிலும் ‘ஹத்தாது ராத்திபு’ என்றே அதனை ஓதுவர். கொல்லன் என்னும் அரபுச் சொல் தமிழகத்தை அடைந்தது இவ்வாறே.

எல்லாச் சமயத்தாரின் பெயர்

பாலத்தீனத்து ரமல்லா நகரத்தார் தங்கள் ஊரின் தோற்றத்தைப் பற்றி வழிவழியாகக் கூறும் செய்தி ஒன்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில், யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த ராஷித் அல்-ஹத்தாதீன் என்னும் கிறித்தவர், அங்கு நேர்ந்த பகையின் காரணமாகச் சுற்றத்தோடு ஆற்றைக் கடந்து மேற்கே வந்தார். ஹத்தாதீன் என்றால் கொல்லர்கள், அவரும் கொல்லரே. காடடர்ந்த குன்றொன்றைக் கண்டு, உலைக்கு வேண்டிய விறகும் கரியும் கிடைக்கும் என அங்கேயே தங்கினார். அவ்விடமே ரமல்லா ஆயிற்று என்பர். பிழைப்புக்கு வழியுள்ள இடத்தை ஊராக்கிக்கொண்ட இக்கதை, வெளியூரில் வேரூன்றிய நமக்குப் புதிதன்று. ரமல்லாவினரின் வழித்தோன்றல்கள் 20ஆம் நூற்றாண்டில் பெருந்தொகையினராக அமெரிக்காவிற் குடியேறி, 1959ஆம் ஆண்டு தமக்கென ஒரு கூட்டமைப்பும் நிறுவினர். நாம் ஊர்தோறும் சங்கம் அமைத்தது போன்றதே அது.

லெபனானிலும் சிரியாவிலும் இப்பெயருடைய கிறித்தவர் மிகப் பலர். அவருள் ஒருவர், 1906 முதல் 1928 வரை அந்தியோக்கியா வைதிகத் திருச்சபையின் தலைமைக் குருவாக விளங்கிய நான்காம் கிரிகோரியோஸ் ஹத்தாத். முதல் உலகப்போர்க் காலத்தில் லெபனானைக் கொடும்பஞ்சம் வாட்டியபோது, திருச்சபையின் விலையுயர்ந்த பொருள்களை அடகு வைத்துச் சமய வேறுபாடின்றிப் பசித்தோர்க்கு உணவளித்தார் என அவர் புகழ் பேசப்படுகிறது.

யூதருள்ளும் இப்பெயர் உண்டு. துனீசியாவின் ஜெர்பாத் தீவு யூதரிடையே அது பெருவழக்கு. பாக்தாத் யூதராகிய எஸ்ரா ஹத்தாத், துதேலா நகரத்துப் பெஞ்சமினின் பயண நூலை அரபியில் மொழிபெயர்த்து 1945ஆம் ஆண்டு வெளியிட்டார். துனீசிய முஸ்லிமாகிய தாஹிர் ஹத்தாத் (1899–1935), 1930ஆம் ஆண்டு பெண்கள் உரிமைக்காக நூலெழுதி, அதன் பொருட்டுப் பெரும் எதிர்ப்பைத் தாங்கினார்.

அல்ஜீரியாவின் கபிலிய மலைநாட்டில், சித்தூக் என்னும் ஊரின் ஞானகுரு ஷைகு அல்-ஹத்தாத். அவர் குடும்பத்தார் அவ்வூரிற் கொல்லுத்தொழில் செய்தமையால் அப்பெயர் வந்தது. 1871 ஏப்ரல் 8ஆம் நாள், முதுமையின் தளர்ச்சியிலும், அவர் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகப் போர் அறிவித்தார், மலைமக்கள் திரண்டெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. 1873ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைன் நகரச் சிறையில் அவர் உயிர் நீத்தார். அவர் உடலின் எச்சங்கள் 2009ஆம் ஆண்டிலேதான் சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டன.

அதே கான்ஸ்டன்டைன் நகரில் 1927ஆம் ஆண்டு பிறந்தவர் எழுத்தாளர் மாலிக் ஹத்தாத். பிரெஞ்சு மொழியிலேயே கல்வி பெற்றமையால் கவிதையும் புதினமும் அம்மொழியிலேயே எழுதினார். நாடு 1962ஆம் ஆண்டு விடுதலை பெற்றபின், தம் மக்களின் அரபு மொழியில் எழுத இயலாமையை எண்ணி வருந்தி, இலக்கியம் படைப்பதையே பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார். பிரெஞ்சு மொழியே தமக்கு நாடுகடத்தல் என்பது அவர் கருத்து. 1978ஆம் ஆண்டு மறைந்தார். வீட்டில் தமிழ் பேசியும் தமிழில் எழுத அறியாத பிள்ளைகளை உடைய பெற்றோர், இவர் வாழ்க்கையைப் படித்தால் நெஞ்சு கனக்காமல் இரார்.

கடல்கடந்தபின்

19ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு லெபனானியரும் சிரியரும் அமெரிக்கக் கண்டங்களுக்குப் பெயர்ந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் ஹத்தாத்துகள் சிலர் தம் பெயரை மொழிபெயர்த்து ‘ஸ்மித்’ என மாற்றிக்கொண்டனர். ஆங்கிலத்தில் அதுவும் கொல்லனே. ஜெர்மானியரின் ‘ஷ்மிட்’, அங்கேரியரின் ‘கோவாச்’, உருசியரின் ‘குஸ்நெத்சோவ்’ ஆகியனவும் கொல்லன் என்னும் பொருளினவே. பிரேசிலுக்குச் சென்றோர் ஹத்தாத் என்றே நின்றனர். 1947ஆம் ஆண்டு லெபனானிலிருந்து வந்து துணி வணிகம் செய்த ஒருவரின் மகன் ஃபெர்னாண்டோ ஹத்தாத், 2013 முதல் 2016 வரை சாவோ பாலோ மாநகரின் தலைவராக இருந்தார். 2018ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் இறுதிச் சுற்றுவரை சென்று தோல்வியுற்றார். 2023ஆம் ஆண்டு நிதியமைச்சர் ஆனார்.

ஞானி, தலைமைக் குரு, யூத அறிஞர், கிளர்ச்சித் தலைவர், எழுத்தாளர், அமைச்சர் ஆகிய இவர்கள் அனைவரும் ஒரே பெயருடையார். ஒரே குலத்தார் அல்லர், ஒரே சமயத்தாரும் அல்லர். எங்கெல்லாம் உலை எரிந்ததோ அங்கெல்லாம் அப்பெயர் தனித்தனியே தோன்றியது. பெயரைக் கேட்டு இவருடைய சமயம் இன்னது, பிறப்பு இன்னது என முடிவு கட்டுவார் ஹத்தாத் என்னும் பெயரின்முன் பிழைபடுவது உறுதி.

நம் நாட்டிலோ தொழிற்பெயர் சாதிப்பெயராகி, பெயரைக் கேட்டவுடன் ஆளை எடைபோடும் தீய வழக்கிற்குத் துணைபோயிற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெயரின் பின் வரும் சாதிப் பட்டங்களைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது இதனாலேயே. அதன் பயனாகவே நம்மில் பலர்க்கு இன்று குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. இழிவென்று பிறர் எண்ணிய பெயரை விடாது தாங்கி உயர்த்தினர் ஹத்தாத்துகள். பிறரைத் தாழ்த்தப் பயன்பட்ட பட்டத்தை விட்டு உயர்ந்தனர் நம் முன்னோர். பள்ளிப் படிவத்தில் அக்கட்டம் வெறுமையாக நிற்பதைக் கண்டு பிள்ளைகள் காரணம் கேட்பாராயின், இந்த வரலாற்றை அவர்களுக்குச் சொல்லலாம்.