நாலு மாதத்தில் தலைகீழ்!

நடுவில் ஒரு தேர்தல் முடிவு வந்தால் போதும். கம்மாபுரம் டீக்கடையிலிருந்து சென்னை கிளப்புகள் வரை ஒரே தீர்ப்புதான்: 'அவ்வளவுதான், அந்தக் கட்சி முடிஞ்சுது!' அவசரப்படுகிறவர்கள் 1980-ஐக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

அந்த ஜனவரியில் மக்களவைத் தேர்தல். தமிழகத்தின் 39 இடங்களில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. ஜெயித்தது இரண்டே இரண்டு. மற்ற 37-ம் தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் அணிக்கு! பிப்ரவரி 17-ம் தேதி எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தது இந்திரா அரசு. கூடவே வேறு எட்டு மாநில அரசுகளும் காலி. மே மாதம் சட்டசபைத் தேர்தல்.

ஜெயித்த அணி, அதே ஓட்டு மறுபடி விழும் என்று நம்பியது. சீட்டுகளை ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டது.

எம்.ஜி.ஆரோ தோல்விக்குக் கணக்குப் பார்த்தார். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு 1979-ல் அவர் அரசு விதித்த 9,000 ரூபாய் வருமான வரம்பு பலத்த எதிர்ப்பைக் கிளப்பியிருந்தது. ஆட்சி பறிபோவதற்குள் அதை ரத்து செய்தார். 31 சதவிகிதத்தை 50 ஆக்கினார். பிறகு, 'எந்தத் தப்புக்காக என் ஆட்சியைக் கலைத்தார்கள்?' என்று ஜனங்களிடமே நியாயம் கேட்டார்.

மே முடிவு? அ.தி.மு.க. 129, தி.மு.க. 37, காங்கிரஸ் 31.

ஜனதா சண்டைகளில் அலுத்துப்போன ஜனங்கள் ஜனவரியில் டெல்லிக்கு இந்திராவை அனுப்பினார்கள். மே மாதம் கோட்டைக்கு எம்.ஜி.ஆர். போதும் என்றார்கள். இதில் குழப்பமே இல்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி.

நடுவில் வரும் முடிவு ஒரு எச்சரிக்கை நோட்டீஸ். தோற்றவர் படித்துவிடுகிறார். ஜெயித்தவர்தான் அதைப் பாராட்டுப் பத்திரம் என்று நினைத்து ஃபிரேம் போட்டு மாட்டிவிடுகிறார்!