மாதம் ஒரு பென்னி

1824ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், டப்ளின் நகரப் புத்தகக் கடையொன்றின் மாடியில் கத்தோலிக்கச் சங்கம் கூடவிருந்தது. பத்துப் பேர் இருந்தாலன்றிக் கூட்டம் நடவாது. அந்த எண்ணிக்கையோ நிறையவில்லை. வழக்கறிஞர் டேனியல் ஓ'கானல் கீழே இறங்கிச் சென்று, கடையில் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த மேனூத் குருமடத்தார் இருவரை வற்புறுத்தி மேலே அழைத்துவந்தார். குருக்கள் கட்டணமின்றியே உறுப்பினராவர் என்பது சங்கத்தின் விதி. இவ்வாறு ஆள் சேர்த்து நடத்திய கூட்டத்தில்தான் அவர் தம் திட்டத்தை முன்வைத்தார்.

அந்நாளில் அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆயினும் திருப்பலியைப் பழிக்கும் உறுதிமொழியை ஏற்காமல் அவர்களுள் எவரும் நாடாளுமன்றத்தில் அமர இயலாது. 1823இல் தோன்றிய சங்கத்திலோ ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தக்கூடிய வசதி படைத்தோரே இருந்தனர். ஓ'கானல் கேட்டது மாதம் ஒரு பென்னி. பத்து லட்சம் பேர் கொடுத்தால் ஆண்டுக்கு 50,000 பவுண்டு சேரும் என்பது கணக்கு. ஆனால் கணக்கைவிடப் பெரியதொன்று அதில் இருந்தது. பென்னி கொடுத்த உழவனும் சங்கத்தின் இணை உறுப்பினன் ஆனான். அதற்குமுன் அவனுக்காகப் பிறர் மனு எழுதினர். இனி அது அவனுடைய வழக்கு.

ஞாயிறுதோறும் ஆலய வாயிலில் நிதி திரட்டப்பட்டது. குருக்கள் துணைநின்றனர், பங்குதோறும் தண்டுவோர் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தனர். மக்கள் அதனைக் 'கத்தோலிக்கக் குத்தகை' என்றனர். நிலக்கிழாருக்குக் குத்தகையும், தாங்கள் சாராத அரசுத் திருச்சபைக்குப் பத்தில் ஒரு பங்கு வரியும் செலுத்தி நொந்தவர்கள், மனமுவந்து செலுத்திய குத்தகை இது ஒன்றே போலும்! வழக்குச் செலவு, செய்தித்தாள், ஏழையரின் கல்வி ஆகியவை அந்நிதியின் நோக்கங்கள். ஓராண்டுக்குள் 16,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அஞ்சிய அரசு 1825இல் சங்கத்தைத் தடைசெய்தது; சட்டத்திற்கு இடந்தராத புதிய பெயரில் அது மீண்டும் எழுந்தது.

1826இல் வாட்டர்போர்டுத் தேர்தலில், ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலவுரிமையால் வாக்குப் பெற்றிருந்த சிறு குடியானவர்கள் தங்கள் நிலக்கிழாரின் வேட்பாளரைத் தோற்கடித்தனர். வாக்கு வெளிப்படையாக அளிக்கப்பட்ட காலம் அது. யார் எதிர்த்தார் என்பது மறுநாளே தெரியும். வெளியேற்றும் அறிவிப்பும் வரும். அவ்வாறு நெருக்கப்பட்டோருக்குக் கைகொடுக்கவே அவ்வாண்டு பென்னித் தண்டல் மீண்டும் தொடங்கியது. இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றும் பகுதி இதுவே. பின்னர் 1828இல் கிளேர்த் தொகுதியில் ஓ'கானலே போட்டியிட்டு, 982 வாக்குகளுக்கு எதிராக 2,057 பெற்று வென்றார்.

1829 ஏப்ரல் 13 அன்று விடுதலைச் சட்டம் நிறைவேறியது. அதனுடன் மற்றொரு சட்டமும் வந்தது. அயர்லாந்தில் வாக்குரிமைக்குரிய நில மதிப்பு 40 ஷில்லிங்கிலிருந்து 10 பவுண்டாக, அதாவது ஐந்து மடங்காக, உயர்த்தப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டிருந்த மாவட்ட வாக்காளர் தொகை ஏறத்தாழ 37,000 ஆகச் சுருங்கியது. இத்தகைய பேரத்திற்கு ஓ'கானல் 1825இலேயே ஒருமுறை இணங்கி, பின்பு அதற்காக வருந்தியவர். 1829இல் அவர் எதிர்த்தார்; ஆனால் அவ்வெதிர்ப்பில் பழைய உரம் இல்லை. வென்றதை இழக்க அவர் அஞ்சினார் என்று சொல்லலாம். அவ்வச்சம் புரிகிறது, ஏற்கத்தான் மனம் வரவில்லை.

1830 பிப்ரவரியில் அவர் நாடாளுமன்றத்தில் தம் இருக்கையில் அமர்ந்தார். கிளேரில் அவருக்கு வாக்களித்த குடியானவருள் பெரும்பாலோர்க்கு அப்போது வாக்கு இல்லை.