உறைபனியில் உருண்ட சக்கரங்கள்

தைப்பிங்கை மழைநகரம் என்று அழைப்பது வழக்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெறும் இவ்வூரில் உறைபனியை எவரும் கண்டதில்லை. ஆயினும், குளிர்நாட்டு மலைப்பாதைகளில் படைவண்டி ஓட்டிய இந்திய வீரர்களின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பதற்கு இவ்வூர் ஏற்ற இடமாகும். மெக்ஸ்வெல் மலைக்குச் செல்லும் சாலையோரத்தில் அமைதியாக விளங்கும் போர்க்கல்லறைத் தோட்டமே அதற்குக் காரணம். இரண்டாம் உலகப் போரில் மாண்ட எண்ணூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே துயில்கின்றனர். அவர்களுள் இந்தியப் படையினரும் பலர். ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கூடத் தெரியவில்லை.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். கெடாவில் அவர்களை எதிர்கொண்ட 11ஆவது இந்தியப் படைப்பிரிவு பேராக் வழியாகப் பின்வாங்கியது. அம்மாதம் முடியுமுன் தைப்பிங்கும் வீழ்ந்தது. ஜித்ரா, கம்பார் முதலிய போர்க்களங்களை நம் மாணவர் பாடநூலில் படிக்கின்றனர். பீரங்கி எங்கே முழங்கியது என்று கேட்டால் விடை கூறுகின்றனர். அந்தப் பீரங்கிக்குக் குண்டு கொண்டுவந்தவன் யார், வீரனுக்குச் சோறு சுமந்து வந்த வண்டியை ஓட்டியவன் யார் என்று கேட்டால் விடையில்லை. கல்லறையில் பெயர் இல்லாதவர் போலவே வரலாற்று நூலிலும் பெயர் இல்லாதவர் ஓட்டுநர்.

மலாயாவின் மழையில் இந்தியப் படையின் ஒரு பகுதி நனைந்துகொண்டிருந்த அதே காலத்தில், அப்படையின் இன்னொரு பகுதி பாரசீகத்துப் பனியில் நின்றது. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் பிரிட்டிஷ், சோவியத் படைகள் ஈரானுக்குள் நுழைந்தன. ஜெர்மனியின் தாக்குதலுக்கு ஆளாகியிருந்த சோவியத் நாட்டிற்குப் போர்ப்பொருள்களை அனுப்ப, வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து வடக்கே செல்லும் ஒரு வழி தேவைப்பட்டது. போர் முடிவதற்குள் அவ்வழியே 40 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட பொருள்கள் சென்றன. இரயில் தாங்கியது போக எஞ்சியதை லோரிகள் சுமந்தன. பைத்தாக், அசதாபாத் ஆகிய கணவாய்களின் வழியே ஹமதானுக்கும் அதற்கப்பால் தப்ரீசுக்கும் சென்ற சாலைகள் குளிர்காலத்தில் பனி மூடிக் கிடப்பவை. அச்சாலைகளில் ஓடிய வண்டிகள் பலவற்றை ஓட்டியவர்கள் இந்தியப் படையின் வழங்கற் போக்குவரத்துப் பிரிவினர் ஆவர்.

அப்போரில் இந்தியப் படை 25 இலட்சம் பேர் கொண்டதாக வளர்ந்தது. சென்னை மாகாணத்தினர் பெருந்தொகையாகப் பொறியியல், போக்குவரத்துப் பிரிவுகளில் சேர்ந்தனர். வெயிலிலும் மழையிலும் வளர்ந்த தென்னாட்டு இளைஞன் ஒருவனைப் பனிக்கணவாயில் லோரியுடன் நிறுத்தினால், அவன் முதலில் கற்க வேண்டியது யாது? எதிரியைச் சுடும் கலையன்று. வண்டியைக் காக்கும் கலையே.

நீர் உறையும்போது ஏறத்தாழ ஒன்பது விழுக்காடு விரிவடைகிறது. இரவில் ரேடியேட்டரில் நீரை விட்டுவிட்டு உறங்கியவன், காலையில் இயந்திரத்தின் இரும்புச் சுவரே வெடித்திருக்கக் காண்பான். உறைவதைத் தடுக்கும் கிளைக்கால் என்னும் நீர்மத்தைச் சரிபாதி கலந்தால், சுழிக்குக் கீழ் 35 பாகை வரையிலும் நீர் உறையாது. அது கிடைக்காத இடத்தில், வண்டி நின்றவுடன் நீரை முழுவதும் வடித்து, காலையில் வெந்நீர் ஊற்றி இயக்குவதே வழி. குளிரில் எண்ணெய் தடித்துவிடும். அதனால் மெல்லிய எண்ணெய் இட வேண்டும். பேட்டரியின் ஆற்றல் பாதியாகக் குறையும். மின்னேற்றம் குன்றிய பேட்டரி உறைந்தே போகும். ஈரமான கைப்பிரேக்கை இழுத்துவிட்டு நிறுத்தினால் அதுவும் உறைந்து இறுகிக்கொள்ளும். ஆகையால் கியரில் நிறுத்தி, சக்கரத்திற்குக் கட்டை கொடுப்பதே அறிவுடைமை. குளிருக்கு அஞ்சி, கதவடைத்த வண்டிக்குள் இயந்திரத்தை ஓடவிட்டு உறங்குவதோ உயிருக்கே உலை வைப்பதாகும். கண்ணுக்கும் மூக்கிற்கும் புலப்படாத நச்சுப்புகை அவனை உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

ஓட்டும் முறையும் இத்தகையதே. பனிக்கட்டி படிந்த சாலையில் வண்டி நிற்பதற்கு, உலர்ந்த சாலையைப் போலப் பன்மடங்கு தொலைவு தேவைப்படும். ஆகவே அணிவகுத்துச் செல்லும் லோரிகள் ஒன்றையொன்று நெருங்கலாகாது. சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்ட வேண்டும். இறக்கம் தொடங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, இயந்திரத்தின் இழுப்பினாலேயே வண்டியை அடக்க வேண்டும். பிரேக்கைத் திடீரென மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வண்டி பள்ளத்தை நாடும். வண்டியின் பின்புறம் வழுக்குமானால், அது வழுக்கும் பக்கமே ஸ்டியரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். கீழும் மேலும் காற்று வீசும் பாலங்கள் சாலைக்கு முன்பே உறைந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

இப்பொறுமைக்குச் சான்றிதழ் வழங்கியது சோவியத் நாடு. 1944ஆம் ஆண்டு, பாரசீக வழியில் பணியாற்றிய இந்தியர் இருவருக்குச் செவ்விண்மீன் விருதை அது அளித்தது. ஒருவர் இன்றைய தமிழ்நாட்டைச் சேர்ந்த சுபேதார் நாராயண ராவ் நிக்கம். மற்றவர் இமயமலைப் பகுதியான பித்தோராகடைச் சேர்ந்த ஹவில்தார் கஜேந்திர சிங். கோட்டையைப் பிடித்ததற்காக அவர்கள் பாராட்டப்பெறவில்லை. பொருள்களைத் தவறாமல் கொண்டுசேர்த்த பணிக்காகவே பாராட்டப்பெற்றனர்.

நான்காண்டுகள் கழித்துக் காஷ்மீரத்தில் மற்றொரு சான்று கிடைத்தது. லடாக்கின் வாயிலாகிய சோஜிலா கணவாய் 11,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 1948ஆம் ஆண்டு அதனை மீட்க, தளபதி திம்மையா டாங்கி வண்டிகளை அனுப்பத் துணிந்தார். கோவேறு கழுதைகள் செல்லும் தடத்தை வண்டி செல்லும் பாதையாக அகற்றியவர்கள், மேஜர் தங்கராஜு தலைமையில் உழைத்த சென்னைப் பொறியியற் படையினர். நவம்பர் முதல் நாள், அப்பாதையில் ஏறிய டாங்கிகளைக் கண்டு எதிரிகள் திகைத்தனர், கணவாய் மீட்கப்பட்டது. பாதை அமைத்தவனும் வண்டியைப் பேணியவனும் இன்றி அவ்வெற்றி இல்லை.

இவ்விழிப்புணர்வு தமிழர்க்குப் புதியதன்று. உப்பு வாணிகராகிய உமணர், மேடும் பள்ளமும் எவ்விடத்து நேருமோ என்றெண்ணி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு காட்டுகின்றது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த ஔவையார், அம்மாற்று அச்சையே அவனுக்கு உவமையாக்கினார். இடர் வந்தபின் வருந்துவதைவிட, வருமுன் காப்பதே வண்டியோட்டியின் அறம் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்குமுன் உமணன் கட்டிய அச்சும், பாரசீகத்தில் லோரி ஓட்டுநன் வடித்த ரேடியேட்டர் நீரும் ஒரே அறிவின் இரு வடிவங்களே.

மீண்டும் தைப்பிங்கிற்கு வருவோம். கல்லறைத் தோட்டத்தைக் கடந்து மெக்ஸ்வெல் மலைக்கு ஏறும் வண்டிச்சாலை, போர் முடிந்தபின் ஜப்பானியப் போர்க்கைதிகளைக் கொண்டு தொடங்கப்பெற்று, 1948ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு அம்மலை புக்கிட் லாருட் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கொண்டையூசி வளைவுகள் நிறைந்த அக்குறுகிய பாதையில் பல்லாண்டுகள் லேண்ட் ரோவர் வண்டிகளே மக்களை ஏற்றி இறக்கின. அங்கே பனிக்கட்டி இல்லை; மூடுபனியும் மழையும் பாசியும் உண்டு. தாழ்ந்த கியரும் தாழாத விழிப்பும் அங்கும் வேண்டியவையே.

பேராக்கின் தோட்டப்புறங்களில் லோரி ஓட்டிய தமிழர் எண்ணற்றோர். அவர்தம் அனுபவங்களுள் ஏட்டில் ஏறியவை மிகச் சில. அத்தலைமுறையினர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஆசிரியப் பெருமக்கள், வரலாற்றுப் பாடத்தின் ஓர் அங்கமாக மாணவரைத் தம் தாத்தாமாரிடம் அனுப்பி, எந்தப் பாதையில் ஓட்டினீர்கள், மழைநாளில் வண்டியை எவ்வாறு காத்தீர்கள் என்று கேட்டு எழுதிவரச் செய்தல் வேண்டும். பெயரற்ற கல்லறைகளுக்குப் பெயர் சூட்ட நம்மால் இயலாது. பெயர் தெரிந்தவர்களையேனும் பெயரற்றவர்களாக மறைய விடாதிருப்பது நம்மால் இயலும்.