இறந்தவரின் துணி: கீஸ் பெண்ட் பெண்களும் ஒட்டுப்போர்வையும்



இந்த மேடையில் பஞ்சமி நிலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இட ஒதுக்கீடு பற்றி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவற்றைக் கேட்டு வளர்ந்தவள் நான். இன்று ஒரு போர்வையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் நோயில் கிடக்க, கிழிந்த துணிகளை வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பற்றி. இதுவும் வரலாறா என்று கேட்பவர்கள் நம் அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

இந்தப் பெண்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வாழ்ந்த கறுப்பினப் பெண்கள். அவர்கள் வரலாறு நமக்கு அந்நியமானதில்லை. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டார். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கியபோது பிளாக் பேந்தர் கட்சியின் பெயரைத்தான் தழுவிக்கொண்டார்கள். ஆனால் நாம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் முழக்கங்களும் கவிதைகளும்தான். அந்த வீடுகளுக்குள் நாம் அதிகம் போனதில்லை.

அலபாமாவின் வில்காக்ஸ் கவுண்டியில் அலபாமா ஆறு குதிரை லாடம்போல வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது கீஸ் பெண்ட். மூன்று பக்கமும் தண்ணீர். 1816இல் ஜோசப் கீ என்ற வெள்ளையர் அங்கே பருத்திப் பண்ணை போட்டார். 1840களின் நடுவில் அது மார்க் பெட்வே என்பவர் கைக்குப் போனது. அவர் வட கரோலினாவிலிருந்து தம் அடிமைகளை நடத்தியே கொண்டுவந்தார். அடிமை முறை ஒழிந்த பிறகும் மக்கள் அங்கேயே வாரத்துக்கு உழுதார்கள். எசமானின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இன்றும் அந்த ஊரில் பலர் பெட்வே. ரத்த உறவு இல்லாதவர்களும் பெட்வே.

வாரச் சாகுபடி என்றால் என்னவென்று இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. விதைக்கும் உரத்துக்கும் சோற்றுக்கும் கடன், அறுவடையில் கழிவு, கணக்கு நோட்டு கடன் கொடுத்தவர் கையில். ஆற்றுக்கு அக்கரையில் கேம்டன் நகரத்து வியாபாரி ஒருவர்தான் கீஸ் பெண்ட்காரர்களுக்குக் கடன் கொடுத்துவந்தார். அவர் இறந்ததும், 1932 அறுவடைக் காலத்தில், அவர் குடும்பத்தார் ஆட்களை அனுப்பி நிலுவைக்கு ஈடாகக் கண்ணில் பட்டதையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். கோவேறு கழுதை, மாடு, கோழி, சோளம், கலப்பை, வண்டி. அந்தக் குளிர்காலத்தில் ஊர் பட்டினியின் விளிம்புக்குப் போனது. செஞ்சிலுவைச் சங்கம் உணவு கொடுத்துத்தான் பலர் பிழைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தவர் ஆர்லோன்சியா பெட்வே. பத்து ஆண்டுகள் கழித்து, 1942 வாக்கில், அவருடைய அப்பா நத்தானியேல் இறந்துபோனார். எட்டு மாதம் படுக்கையில் கிடந்துவிட்டுப் போனவர். அதன் பிறகு அம்மா மிசௌரி பெட்வே மகளைக் கூப்பிட்டு, அப்பாவின் வேலை உடுப்புகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னார். அவற்றை ஒரு போர்வையாகத் தைத்து, அவரை நினைத்துக்கொண்டு, அந்த அன்புக்குள்ளே போர்த்திப் படுக்கப்போகிறேன் என்று சொன்னார். மகள் பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்னதைத்தான் என் வார்த்தையில் சொல்கிறேன். கால்சட்டையின் அடிக்கால் குறுகல், மேல்பக்கம் அகலம். அதனால் அகலமான பகுதியை வெட்டி, சம அகலப் பட்டைகளாகக் கிழிக்கிற வேலை மகளுக்கு. சட்டைகளின் கீழ்ப்பகுதியும் சேர்ந்தது. அவரிடம் இருந்த துணி மொத்தமும் சரியாக ஒரு போர்வைக்குத்தான் வந்தது.

இந்தக் கடைசித் தகவலைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த உடுப்பெல்லாம் ஒரு கட்டில் அளவுக்குத்தான். புள்ளிவிவர அட்டவணையில் வருமானம் என்ற கட்டத்தில் எதைப் போட்டாலும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட முடியுமா என்று சமூகவியல் படித்தவளாக எனக்குச் சந்தேகம்.

அந்தப் போர்வைகள் எப்படி உருவாயின என்பதையும் சொல்ல வேண்டும். மேலே ஒட்டுப்போட்ட துணி, அடியில் மாவு மூட்டைச் சாக்கோ பழைய துணியோ, நடுவே பஞ்சு. நல்ல பஞ்சு பண்ணைக்குப் போய்விடும். ஜின்னிங் ஆலைத் தரையில் சிந்திக் கிடந்ததைக் கூட்டி எடுத்துவந்து, குச்சியால் அடித்து அழுக்கு போக்கிப் பரப்புவார்கள். பலகை இடுக்கெல்லாம் காற்று புகும் வீடுகள் அவை. சுவரில் செய்தித்தாள் ஒட்டியிருப்பதை 1937இல் ஆர்தர் ரோத்ஸ்டீன் எடுத்த படங்களில் பார்க்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல போர்வை போட்டால்தான் குளிர் அடங்கும். நைந்துபோன போர்வையையும் வீணாக்குவதில்லை, எரித்துப் புகைபோட்டுக் கொசு விரட்டுவார்கள்.

துண்டுகளை இணைப்பது தனியாள் வேலை. பகல் பாடெல்லாம் முடிந்த பிறகு, அடுப்பு வெளிச்சத்திலோ விளக்கடியிலோ நடப்பது. பஞ்சு வைத்துத் தைப்பதோ கூட்டு வேலை. சட்டத்தைச் சுற்றி அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்து பாட்டும் ஜெபமுமாகத் தைப்பார்கள். நோயாளி இருக்கிற வீட்டுப் பெண்ணுக்கு இந்த இரண்டும் வேண்டியிருக்கிறது. யாரும் பேச்சுக் கொடுக்காமல் கையை ஓடவிட ஒரு நேரம், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து "இன்னைக்கு எப்படி இருக்கார்?" என்று கேட்க ஒரு நேரம். என் அப்பா படுக்கையில் விழுந்த மாதங்களில் என் அம்மா பழைய புடவைகளை நாலாக மடித்து ஓரம் தைத்துக்கொண்டே இருந்தார். படுக்கைப் புண் வராமல் இருக்க மெத்தென்று விரிப்பு வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். தேவைக்கு மேல் ஏழெட்டு விரிப்பு சேர்ந்துவிட்டது. எதற்கம்மா இத்தனை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நோய் நம் சொல்லைக் கேட்காது. மருத்துவர் நேரம் கொடுக்க மாட்டார். ஊசியும் துணியும் மட்டும் சொன்னபடி கேட்கும்.

இப்போது நமக்கே உரிய ஒரு கேள்விக்கு வருகிறேன். இறந்தவரின் துணி என்பது இந்த நாட்டில் சாதாரணத் துணி அல்ல. மனுநூலின் பத்தாம் அத்தியாயம் சண்டாளருக்கு விதித்த உடை, பிணத்தின் உடை. உடைந்த பாத்திரத்தில் சோறு, இரும்பில் நகை என்று அந்தப் பட்டியல் நீளும். சட்டமாக எழுதியதோடு அது நிற்கவில்லை. பிணத்தின் மேல் போட்ட துணி வெட்டியானுக்கு என்பது நம் ஊர்களில் வழக்கமாகவே இருந்தது. அதை உரிமை என்று பெயரிட்டுக் கொடுத்தார்கள். தீட்டுத் துணியையும் சாவுத் துணியையும் வெளுக்கும் வேலை புதிரை வண்ணார் தலையில் விழுந்தது. ஆகவே ஒட்டுத்துணியின் அழகைப் பற்றி யாராவது மிகவும் உருகினால் எனக்கு உடனே எச்சரிக்கை வந்துவிடும். கந்தலை நமக்கு விதித்தவர்களே கந்தலை ரசிக்கவும் வருவார்கள்.

ஆனால் அதே துணிக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. மயானத்திலும் குப்பைமேட்டிலும் கிடந்த துணியை எடுத்துத் துவைத்து, தைத்து, பிக்குகள் சீவரமாக அணிந்தார்கள். மகத நாட்டு வயல்வரப்புகளைப் பார்த்து, அதைப்போலத் துண்டுகளை இணைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னார் என்கிறது விநய பிடகம். இழிவு என்று ஒதுக்கப்பட்ட துணி மரியாதைக்குரிய உடையாயிற்று. மிசௌரி பெட்வேக்கு மனுவும் தெரியாது, விநயமும் தெரியாது. யார் துணி, யார் எடுக்கிறார், யாருக்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிறர் பிணத்தின் துணியை உடுத்தும்படி ஆணையிடப்படுவது ஒன்று. தன் புருஷனின் வியர்வை ஊறிய துணியைத் தானே எடுத்துத் தன் படுக்கைக்குத் தைத்துக்கொள்வது முற்றிலும் வேறு.

இதைச் சொல்லிவிட்டு லோரெட்டா பெட்வேயைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1942இல் பிறந்தவர். கீஸ் பெண்ட் போர்வைகளில் அவருடையதைப் பெரிய விமர்சகர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். அவரோ தைப்பதே தனக்குப் பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர். வயல் வேலை, பன்றிக்குத் தீனி, மாற்றுத்திறனாளியான தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பிள்ளைகளுக்குக் குளிர். உதவிக்கு ஆளில்லை. தைத்தே ஆகவேண்டியிருந்தது, தைத்தார். தைத்தால் மனம் லேசாகும் என்பதை எல்லாப் பெண்களுக்கும் பொதுவிதியாக்கிவிடக் கூடாது என்பதற்கு அவர் சாட்சி. ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஒரே வேலை. ஒருவருக்கு அது துக்கத்தைத் தாங்கும் வழி, இன்னொருவருக்கு மற்றுமொரு சுமை.

1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் கீஸ் பெண்டுக்கு வந்து பேசினார். அதற்கு முன்பே மக்கள் வாக்காளராகப் பதிவு செய்ய ஆற்றைக் கடந்து கேம்டனுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அதிகாரத்தில் இருந்தவர்கள் 1962இல் படகுச் சேவையையே நிறுத்திவிட்டார்கள். கண்ணெதிரே தெரியும் நகரத்துக்குச் சாலையில் சுற்றிப் போனால் சுமார் ஒரு மணி நேரம். நீதிமன்றமும் கடைகளும் மட்டுமல்ல, வைத்தியமும் அக்கரையில்தான் இருந்தது. வாக்குக் கேட்டதற்கான தண்டனையைக் காய்ச்சலில் கிடந்த குழந்தையும் பிரசவ வலியில் துடித்த பெண்ணும் சேர்ந்து அனுபவித்தார்கள். படகு மறுபடி ஓடியது 2006இல். நாற்பத்து நான்கு ஆண்டுகள். நம் ஊர்ச் சேரிகளுக்குச் சாலை வராத கதை, சாலை வந்தும் பேருந்து நிற்காத கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அந்த ஆண்டுகளின் ஒட்டுப்போர்வைகளைப் பார்க்கும்போது ஆறுதலை மட்டும் பார்த்தால் போதாது. இல்லாமல்போன படகையும் பார்க்க வேண்டும்.

அவர்களும் ஆறுதலோடு நின்றுவிடவில்லை. 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் அதை நெடுங்காலம் நடத்தினார். வாக்காளராகப் பதிவு செய்ததால் குடியிருந்த நிலத்தைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்கு, கூட்டுறவு வாங்கிய நிலத்திலிருந்து மனை கிடைத்தது. 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தமும் வந்தது. கூலி வந்தது, கூடவே அளவும் வடிவமும் வெளியிலிருந்து வந்தன. ஊசி அதேதான், ஆனால் இது வேறு வேலை.

2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் கீஸ் பெண்ட் போர்வைகள் சுவரில் தொங்கின. 2006இல் தபால்தலைகளாக வந்தன. விலை ஏறியது. பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியோடு சில பெண்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள், வழக்கு சமரசத்தில் முடிந்தது. பறையை மேடையில் ரசித்துவிட்டுப் பறையடித்தவரை வாசலில் நிறுத்தும் ஊரிலிருந்து வந்த எனக்கு, அந்தக் கேள்வியை அவர்கள் கேட்டதே பெரிய விஷயம்.

மிசௌரியின் போர்வை இப்போது வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆர்லோன்சியா 2008இல் காலமானார். அவர் வாய்திறந்து சொல்லியிராவிட்டால் அது பருத்தி, கார்டுராய், சாக்குத்துணி, இன்ன நீளம், இன்ன அகலம் என்ற குறிப்போடு நின்றிருக்கும். எட்டு மாத நோயும், அகலமான பகுதியை வெட்டச் சொன்ன அம்மாவின் குரலும் துணியில் எழுதியிருக்கவில்லை. கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் வினாப்பட்டியலில் நிலம் இருக்கிறது, கல்வி இருக்கிறது, வன்கொடுமை இருக்கிறது. வீட்டில் யார் கடைசியாக நோயில் கிடந்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கை என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி இல்லை. அதைச் சேர்த்துக்கொண்டு போங்கள். பதில் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போதே எழுபது, எண்பது வயதாகிறது.