ஒரு சோடிச் சட்டங்கள்

1976 இல் அமெரிக்காவின் சுகார்ட் நிறுவனம் வெளியிட்ட ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு இயக்கியின் உயரம் மூன்றேகால் அங்குலம். 1981 இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இவ்வளவுக்கேற்ற இரண்டு குழிகள் அருகருகே இருந்தன. பின்னர் அரை உயர இயக்கிகள் வந்தபோது ஒரு குழியில் இரண்டை அடுக்க முடிந்தது. ஆனால் மேலே இருப்பதைப் பெட்டியோடு திருக இடமில்லை. பக்கங்களில் தகட்டுத் துண்டுகளை வைத்து இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தனர்.

1984 இல் வெளிவந்த ஏ.ரி. கணினியில் இயக்கியின் இருபுறமும் சட்டங்களைத் திருகி, மேசை இழுப்பறைபோல உள்ளே தள்ளலாம். அழகான ஏற்பாடுதான். சட்டம் தொலைந்தாலோ இயக்கிக்குப் பெட்டியில் பிடிமானமே இல்லை. வேறு நிறுவனங்களின் சட்டங்கள் எல்லாம் பொருந்துவதுமில்லை.

1990களில் நான் பணியாற்றிய பத்திரிகை அலுவலகமொன்றில் இதுவே நேர்ந்தது. எங்கள் பழைய செய்திகள் யாவும் இருந்த வன்தட்டு, சட்டமின்றி அட்டைத்துண்டின்மேல் சுழன்றுகொண்டிருந்தது. மேசையில் யாரேனும் இடித்தால் நெஞ்சு பதைக்கும். அச்சுக்கோப்பாளர் ஒருவர், ஈய எழுத்துக் காலத்தில் பக்கங்களை இறுக்கப் பயன்பட்ட மரத்துண்டுகள் இரண்டை அரத்தால் தேய்த்துச் சட்டமாக்கினார்.

திருகாணிதான் தொல்லை தந்தது. வன்தட்டுகளில் பெரும்பாலும் அங்குலப் புரி. நெகிழ்வட்டு இயக்கிகளில் பெரும்பாலும் மூன்று மில்லிமீற்றர் புரி. மாற்றிப் பலவந்தமாகத் திருகினால் துளை அழியும். நீளம் கூடினால் உள்ளே சுற்றுப்பலகையை முட்டும். அவர் ஒவ்வோர் ஆணியையும் கையால் திருகிப் பார்த்த பின்னரே திருப்புளியைத் தொட்டார்.

கணினியைக் கழித்த நாளில் மரத்துண்டுகளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றில் அச்சுமை இன்னும் ஒட்டியிருக்கிறது.